காலியாக விட்ட கட்டம்

2002ஆம் ஆண்டு பங்குனி மாதம். தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு கூட்டுறவுச் சங்கம். உறுப்பினர்களுக்கு ஈவுத்தொகை பட்டுவாடா முடிந்திருந்தது. வாங்காமல் விடுபட்டவர்கள் யார் யார் என்று பட்டியல் கேட்டார்கள். சங்கத்தின் கணினிக் கணக்கை அப்போது நான்தான் பார்த்துவந்தேன். சின்ன வேலை. உறுப்பினர்கள் ஒரு டேபிள், பட்டுவாடா இன்னொரு டேபிள். பட்டுவாடாவில் இல்லாத உறுப்பினர் எண்களைக் கொடு என்று நான்கு வரியில் ஒரு குவெரி எழுதி ஓட்டினேன். ஒரு பெயரும் வரவில்லை. ‘விடுபட்டோர்: இல்லை’ என்று அச்செடுத்துக் கொடுத்தேன். செயலாளர் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சேர்த்தார்.

கார்த்திகை அடைமழையில் ஒரு பாட்டி வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாஸ்புக்கை அவிழ்த்து என் மேஜையில் வைத்தார். “எல்லாருக்கும் குடுத்தாச்சுன்னு சொல்றாக தாயி. எனக்கு வரலையே.”

அவருடைய எண் 412. பட்டுவாடா டேபிளில் 412 எங்குமே இல்லை. அப்படியானால் என் பட்டியலில் அவர் பெயர் வந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று மாலை வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஒரே ஒரு வரியில் உறுப்பினர் எண் கட்டம் காலியாக இருந்தது. அதற்குரிய வவுச்சரைத் தேடி எடுத்தால், எண் எழுதிய இடத்தில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. பதிவு செய்த பெண்ணுக்கு அதைப் படிக்க முடியவில்லை. ஏதோ ஓர் எண்ணைப் போட்டு ஒப்பேற்றாமல், தெரியாததைத் தெரியாததாகவே விட்டிருந்தாள். அவள் செய்தது சரி. தப்பு என்னுடையது.

நான் எழுதியது ‘நாட் இன்’ என்ற சொற்றொடர்: இந்த எண் அந்தப் பட்டியலுக்குள் இல்லாவிட்டால் எடு. கணினி 412ஐக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. 101 இல்லை, சரி. 102 இல்லை, சரி. அந்தக் காலிக் கட்டத்துக்கு வரும்போது நின்றுவிடுகிறது. அதற்குள் இருப்பது எந்த எண் என்றே தெரியாது. அது 412ஆகக்கூட இருக்கலாம். ஆகவே ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல அதனால் முடியாது. உறுதியாக ‘ஆம்’ என்று வந்த வரிகளை மட்டும்தான் குவெரி வெளியே விடும். 412க்கு நடந்ததுதான் எல்லா எண்களுக்கும் நடந்தது. ஒரு காலிக் கட்டம் 63 பேருடைய வாயை அடைத்துவிட்டது. கணினி எனக்குச் சொன்னது ‘தெரியாது’. நான் அதை ‘இல்லை’ என்று படித்தேன்.

அந்தக் காலிக் கட்டத்துக்கு எங்கள் தொழிலில் ‘நல்’ என்று பெயர். தமிழில் எழுதினால் நல்ல சொல்லாகத் தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் அதோடு பழகியிருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது, யார் யார் அதற்காகச் சண்டை போட்டார்கள் என்று தேடிப் படிக்க வைத்தவர் அந்தப் பாட்டிதான்.

எந்திரத்தால் எண்ண ஆரம்பித்த காலத்தில் காலிக்குத் தனி அடையாளமே கிடையாது. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் செய்துகொடுத்த எந்திரத்தில் அட்டையின் மேல் ஊசிகள் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி புகுந்து கீழே கிண்ணத்திலிருக்கும் பாதரசத்தைத் தொடும், மின்சாரம் பாயும், கடிகார முகம் போன்ற எண்ணி ஒன்று கூடும். துளை இல்லாவிட்டால் எதுவும் நடக்காது. கேட்டு ‘இல்லை’ என்று சொன்னவரும், கேட்கப்படாமலே விடுபட்டவரும் அந்தப் பாதரசத்துக்கு ஒன்றுதான்.

பிறகு 80 பத்தி அட்டைகள் வந்தன, ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி வந்தது. பழைய ஃபோர்ட்ரானில் எண்ணுக்கான இடம் வெறுமையாக இருந்தால் சுழியம் என்றே படித்துக்கொள்ளும். வெறுமையைச் சுழியமாக எடுப்பதா, விட்டுவிடுவதா என்று எழுதுகிறவரே தேர்ந்தெடுக்க ஃபோர்ட்ரான் 77இல்தான் வழி செய்தார்கள். மழை அளக்கும் நிலையத்தில் ஒருநாள் ஆள் வராமல் போனால் அன்று மழை சுழியம் என்று ஆகிவிடக் கூடாதே! அதனால் 999 என்றும் -9999 என்றும் நடக்கவே முடியாத எண்களை ‘தெரியாது’ என்பதற்கு வைத்துக்கொண்டார்கள். உலகத் தட்பவெப்பக் கோப்புகளில் இன்றும் -9999ஐப் பார்க்கலாம்.

அந்த வழக்கம் எங்கள் ஊருக்கும் வந்தது. 1990இல் நான் மதுரையில் டிபேஸ் த்ரீ பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருளைக் கற்றுக்கொண்டு ஒரு டுட்டோரியலுக்கு மதிப்பெண் பட்டியல் போட்டுக்கொடுத்தேன். டிபேஸில் எண்ணுக்கான கட்டத்தை நிரப்பாமல் விட்டால் கணக்குப் போடும்போது அது சுழியம்தான். அம்மை போட்டு ஒரு தேர்வு எழுதாத பையனுக்குச் சராசரி இறங்கிவிட்டது. அவன் அப்பா வந்து நின்றார். மறுமாதம் வராதவர்களுக்கு 999 என்று போட்டேன். மூன்று இலக்கம், யாரும் வாங்க முடியாத மதிப்பெண். கூட்டல் வரியில் அதை விலக்க ஓரிடத்தில் மறந்துபோனேன். அந்த மாதம் தேர்வே எழுதாத பெண் முதல் ரேங்க். வாத்தியார்கள் கையால் எழுதிய பதிவேட்டில் இந்தப் பிழை ஒருநாளும் நடந்ததில்லை. அதில் ‘வரவில்லை’ என்று எழுத்தில் இருக்கும். கூட்டுகிற கண் அதைத் தாண்டிப் போகும். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் டிபேஸுக்குத் தெரியவில்லை. அந்தக் குடும்பத்து மென்பொருளில் ‘நல்’ வந்தது 1995இல், விஷுவல் ஃபாக்ஸ்புரோவோடு.

நம் அலுவலகங்களுக்கு இந்த வித்தியாசம் பழகியது. ‘இன்மை அறிக்கை’ என்று ஒன்று இருக்கிறது. உங்கள் பள்ளியில் காலிப் பணியிடம் எத்தனை என்று மேலிடம் கேட்டால், ஒன்றுமே இல்லாவிட்டாலும் தலைமையாசிரியர் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இல்லை என்று வைத்துக்கொள்ள மாட்டார்கள், பதில் வரவில்லை என்று நினைவூட்டுக் கடிதம் வரும். இன்மை வேறு, மௌனம் வேறு. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் யோசித்த குமாஸ்தா யாராயிருந்தாலும், அவருக்கு எங்கள் தொழிலில் பெரிய இடம் கொடுக்கலாம்.

கணினியில் அந்த இடம் எட்கர் காடுக்கு. இங்கிலாந்தின் போர்ட்லாண்டில் 1923இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், பிறகு ஐ.பி.எம்.இல் கணித ஆள். தரவுகளை எல்லாம் வெறும் அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, அவற்றை உறவுகளாகப் பாவித்துக் கேள்வி கேட்கலாம் என்ற அவருடைய கட்டுரை 1970இல் வந்தது. இன்று வங்கியிலிருந்து ரேஷன் கடை வரை ஓடுவது அந்த யோசனைதான். ஆனால் அந்த முதல் கட்டுரையில் காலிக் கட்டத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. நிஜ உலகத்துப் பதிவேடுகள் ஓட்டையில்லாமல் இருப்பதில்லை என்பதைப் பிறகுதான் அவர் கையிலெடுத்தார். 1979இல் எழுதிய நீண்ட கட்டுரையில் ‘நல்’லுக்கும் அதற்கான தர்க்கத்துக்கும் இடம் கொடுத்தார். மெய், பொய் என்று இரண்டோடு நிறுத்தாமல் மூன்றாவதாக ‘தெரியாது’. போலந்து நாட்டுத் தர்க்க அறிஞர் யான் வூகாசியேவிச் 1920இலேயே மூன்று மதிப்புத் தர்க்கத்தை வகுத்திருந்தார், நாளை நடக்கப்போவதைப் பற்றிய வாக்கியங்களுக்காக. காடு அதே மாதிரியான ஒன்றைச் சம்பளப் பட்டியலுக்குக் கொண்டுவந்தார்.

அதன் விதிகள் நம் வீட்டுப் பேச்சைப் போன்றவை. ‘அண்ணன் வருவான், தம்பி வருவானா தெரியாது’ என்றால், இரண்டு பேரும் வருவார்களா என்ற கேள்விக்குப் பதில் தெரியாது. யாராவது ஒருவராவது வருவார்களா என்றால் ஆம், அண்ணன் இருக்கிறானே. அண்ணன் வரமாட்டான் என்று நிச்சயமானால், இரண்டு பேரும் வருவார்களா என்பதற்கு இல்லை என்று இப்போதே சொல்லிவிடலாம். இவ்வளவுதான் முழுத் தர்க்கமும்.

1985இல் விற்பனைக்கு வந்த தரவுத்தளங்கள் எல்லாம் தம்மை உறவுத் தரவுத்தளம் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தபோது, காடு ‘கம்ப்யூட்டர்வேர்ல்ட்’ இதழில் தம் புகழ்பெற்ற விதிகளை எழுதினார். மூன்றாவது விதி காலிக் கட்டத்துக்கானது: விடுபட்ட தகவலுக்கு ஒரே சீரான குறி வேண்டும், அது சுழியத்திலிருந்தும் வெற்று எழுத்துச் சரத்திலிருந்தும் வேறாக இருக்க வேண்டும், எந்த வகைத் தகவலுக்கும் அதே குறி. 1990இல் வெளியிட்ட புத்தகத்தில் இன்னும் ஒரு படி போனார். காலியில் இரண்டு சாதி உண்டு என்றார். பதில் உண்டு, நமக்குத் தெரியவில்லை என்பது ஒன்று. அந்தக் கேள்வியே இவருக்குப் பொருந்தாது என்பது இன்னொன்று. தரவுத்தளங்களை விற்ற நிறுவனங்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு இது பெரிய நஷ்டமாகவே தெரிகிறது. சங்கத்து உறுப்பினர் டேபிளில் ‘இறந்த தேதி’ என்று ஒரு கட்டம் இருந்தது. அது காலி என்றால் ஆள் உயிரோடிருக்கிறார் என்று பொருளா, இறந்துவிட்டார் ஆனால் தேதி தெரியவில்லை என்று பொருளா? ‘கணவர் பெயர்’ காலி என்றால் மணமாகாதவரா, சொல்ல விரும்பாதவரா, கேட்க மறந்தோமா? இரண்டு குறி இருந்திருந்தால் இந்தக் கேள்விகளை அந்த டேபிளே தாங்கியிருக்கும். இல்லாததால் நான் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, காலியின் காரணத்தை எழுதி வைக்க வேண்டியிருந்தது.

காடின் நெருங்கிய தோழர் கிறிஸ் டேட். அவரும் ஐ.பி.எம்.இல் இருந்தவர், காடின் கருத்துகளைப் பாடப்புத்தகமாக்கி ஊருக்கெல்லாம் கொண்டுபோனவர், பின்னாளில் இருவரும் சேர்ந்து ஆலோசனை நிறுவனமும் நடத்தினார்கள். ஆனால் ‘நல்’ விஷயத்தில் டேட் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. உறவு என்பது மதிப்புகளால் ஆனது, மதிப்பே அல்லாத ஒன்றை அதற்குள் வைத்தால் அது உறவே அல்ல என்பது அவர் கட்சி. 1993இல் இருவரும் அச்சிலேயே நேருக்கு நேர் வாதாடினார்கள். டேட் சொன்ன மாற்று, ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘தெரியாது’ என்று பொருள்படும் ஒரு சிறப்பு மதிப்பை நாமே வைத்துக்கொள்வது. 999 போட்டுச் சூடுபட்டவள் நான். இந்த இடத்தில் காடு பக்கம்தான் நிற்பேன். ஆனால் டேட் சுட்டிக்காட்டிய குறைகள் நிஜம். அவற்றில் பெரும்பங்கு காடின் யோசனையில் பிறந்ததல்ல, அது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழிக்குள் இறங்கிய விதத்தில் பிறந்தது.

அந்த மொழியை டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் ஐ.பி.எம்.இன் சான் ஹோசே ஆய்வகத்தில் வகுத்தார்கள். பாய்ஸ் அதே வருஷம் சின்ன வயதில் இறந்துபோனார். 1979இல் ஆரக்கிள் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1986இல் அமெரிக்கத் தர நிர்ணயமாயிற்று. அதற்குள் ‘நல்’ ஓரிடத்தில் ஒருமாதிரி, இன்னோரிடத்தில் வேறுமாதிரி நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டது. இரண்டு ‘நல்’லும் சமமா என்று கேட்டால் தெரியாது என்று சொல்லும். ஆனால் ‘குரூப் பை’ போட்டுத் தொகுத்தால் எல்லா ‘நல்’லையும் ஒரே குழுவில் சேர்க்கும். வரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ‘தெரியாது’ என்று வந்தால் தள்ளிவிடும். கட்டுப்பாட்டு விதியைச் சரிபார்க்கும்போது அதே ‘தெரியாது’ வந்தால் போகட்டும் என்று உள்ளே விடும். வயது 18க்கு மேல் என்று விதி வைத்த டேபிளில் வயதே எழுதாதவர் தாராளமாக நுழையலாம். வரிகளை எண்ணச் சொன்னால் காலியும் சேரும்; கட்டத்தின் பெயர் சொல்லி எண்ணச் சொன்னால் காலி சேராது. சராசரியில் காலியை விலக்கும். எதுவுமே இல்லாததைக் கூட்டச் சொன்னால் சுழியம் தராது, ‘நல்’ தரும்.

ஆரக்கிளில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. வெற்றுச் சரத்தையும் ‘நல்’லையும் அது இன்றுவரை ஒன்றாகவே வைத்திருக்கிறது. தலைப்பெழுத்து இல்லாத மனிதர் ஒருவர் வந்து, ‘எனக்கு இனிஷியல் கிடையாது’ என்று சொல்கிறார். அது ஒரு பதில். அதைப் பதிவு செய்ய வெற்றுச் சரத்தை வைத்தால், சேமித்த நொடியில் அது ‘தெரியாது’ ஆகிவிடுகிறது. அவர் சொன்னதை அது தூக்கி எறிந்துவிட்டது.

சமக்குறி போட்டு ‘நல்’லைத் தேடக் கூடாது, ‘இஸ் நல்’ என்றுதான் எழுத வேண்டும் என்பது முதல் பாடம். இருந்தும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் பல வருஷம் சமக்குறி போட்டே குவெரிகளை உண்டாக்கி அனுப்பியது. அதைச் சமாளிக்க போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் தனியாக ஓர் அமைப்பே வைத்தார்கள். ஒரே மின்னஞ்சல் இரண்டு பேருக்கு இருக்கக் கூடாது என்ற தனித்தன்மை விதியில், மின்னஞ்சலே இல்லாத இருவர் மோதுவார்களா என்பதில் ஒவ்வொரு தரவுத்தளமும் ஒவ்வொரு பதில். போஸ்ட்கிரெஸ் 2022இல்தான், உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று இரண்டையும் கொடுத்தது.

தரவுத்தளத்திலிருந்து வெளியே வரும்போது இன்னொரு ஆபத்து காத்திருக்கும். கோபாலிலும் சி-யிலும் எழுதிய நிரலில் ஒரு எண் மாறிக்கு ‘காலி’ என்ற நிலையே கிடையாது. ஆகவே ஒவ்வொரு மாறிக்கும் பக்கத்தில் ஒரு துணை மாறி வைத்தார்கள். அதில் -1 வந்தால், முக்கிய மாறியில் இருப்பதை நம்பாதே என்று அர்த்தம். இரண்டு மாறி வைப்பது தொல்லை என்று பலர் துணையை விட்டுவிடுவார்கள். காலிக் கட்டம் வந்த அன்று நிரல் பிழை காட்டி நிற்கும். அப்படி நின்றதற்காக நாங்கள் அதைத் திட்டுவோம். இப்போது நினைத்தால் அது எங்களுக்குச் செய்த உபகாரம்.

ஏனென்றால் பின்னால் வந்த வலை மொழிகள் நிற்கவே இல்லை. பி.எச்.பி.யில் வரையறுக்காத மாறியை, அதாவது யாரும் எதுவுமே வைக்காத பெயரை, குவெரிக்குள் சேர்த்தால் அது ‘நல்’ ஆகி, பிறகு வெற்றுச் சரமாகி உள்ளே கரைந்துபோகும். சின்னதாக ஒரு குறிப்பு மட்டும் காட்டும். பலர் அதையும் அணைத்து வைத்திருப்பார்கள். 2020இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் அந்தக் குறிப்பை எச்சரிக்கையாக உயர்த்தினார்கள். ஜாவாஸ்கிரிப்டில் ‘நல்’ ஒன்று, ‘அன்டிஃபைன்ட்’ ஒன்று என இரண்டு இருக்கின்றன. என் மாணவர்களுக்கு நான் சொல்வது: முதலாவது, கேட்டேன், பதில் தெரியவில்லை. இரண்டாவது, யாரும் கேட்கவே இல்லை. பிரிஸ்மா போன்ற புதிய தரவுத்தளக் கருவிகளில் நிபந்தனையின் மதிப்பு ‘அன்டிஃபைன்ட்’ என்றால் அந்த நிபந்தனையே இல்லாததாக எடுத்துக்கொள்ளும். ‘இந்த எண்ணுள்ள வரிகளை அழி’ என்று எழுதியிருப்பீர்கள். எண்ணைத் தாங்கிய புலத்தின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் அது ‘வரிகளை அழி’ என்று ஆகிவிடும். என் பட்டியலில் காலி எல்லாரையும் மறைத்தது. இங்கே அது எல்லாரையும் அழிக்கிறது.

இன்று படிவம் போடுகிறவர்கள் காலிக்கு இடமே கொடுப்பதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு நட்சத்திரம். கட்டாயம் நிரப்பு. மக்கள் என்ன செய்வார்கள்? புள்ளி வைப்பார்கள், 9999999999 என்று தொலைபேசி எண் கொடுப்பார்கள். டேபிளைப் பார்த்தால் ஓட்டையே இல்லாமல் நிறைவாக இருக்கும், உள்ளே பாதி பொய். தமிழர்களுக்கு இதில் நேரடி அடி உண்டு. நம்மில் ஏராளமானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் நம் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகிவிடும். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அம்மா அப்பா கூப்பிட்டு வளர்த்த பெயர் இருக்கிறது, நன்றாகவே தெரியும். பொருந்தாத கேள்விக்குக் காலி விட்டால் அதைத் ‘தெரியாது’ என்று மாற்றி எழுதிவிடுகிறார்கள். காடு கேட்ட இரண்டாவது குறி இருந்திருந்தால் இந்த மனத்தாங்கல் வந்திருக்காது.

சங்கத்தில் அந்த 63 பேருக்கும் தை மாதத்துக்குள் பணம் போய்ச் சேர்ந்தது. பாட்டி கையெழுத்து வைக்க நேரில் வந்தார். கைநாட்டு வைத்துவிட்டு, “நீ பார்த்திராட்டி போயிருக்கும் தாயி” என்றார். என் தப்பால்தான் எட்டு மாதம் அலைந்தார் என்று சொன்னேன். அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மை கலைந்த அந்த வவுச்சர் யாருடையது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு பேர் மேல் சந்தேகம் இருந்தது. இருவருமே வாங்கியதாக நினைவு என்றார்கள். யாராவது ஒருவர் எண்ணைப் போட்டு முடிக்கலாமே என்று தணிக்கைக்கு வந்தவர் சொன்னார். நான் போடவில்லை. 2011இல் கணக்கைப் புதுத் தரவுத்தளத்துக்கு மாற்றியபோது என்னோடு இருந்த தம்பி அந்த வரியில் வந்து நின்றான். “அக்கா, இதுல மெம்பர் நம்பர் நல்லா இருக்கு. தூக்கிரவா?” நான் கோப்பை எடுத்து வவுச்சரைக் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். முதல் இலக்கம் இரண்டு மாதிரி இருக்கிறது என்றான். பிறகு ஏழாகவும் இருக்கலாம் என்றான். வவுச்சரைக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டு, அந்த வரியை அப்படியே புது டேபிளுக்கு ஏற்றினான். பக்கத்திலிருந்த காரணக் கட்டத்தில் ‘மை கலைந்தது’ என்று தட்டச்சு செய்தான்.